நோஞ்சான் விழும்போது யாரைக் கூப்பிடுவான்?

ஓரிடத்தில் இருந்து எழுதுங்கோ என்று சொல்லிவிட்டீர்கள். எனக்கு இருக்கத்தான் ஏலாது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து உப்புவெளி வீட்டில் ஒரு கதிரையிலிருந்து இன்னொரு கதிரைக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். நாலு வரி எழுதினால் எழும்பிப் படலை வரைக்கும் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன். முதலில் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து பழக்கியவள். பிறகு கைத்தொலைபேசி விளையாட்டுச் செய்கிற நம் கந்தோரில், விளையாட்டைச் சோதிக்க வருகிறவர்களின் கதிரைக்குப் பின்னால் நடந்தே காலத்தைக் கழித்தவள். கால் இரண்டும் இன்னும் வேலையில்தான் இருக்கின்றன. இந்தக் கட்டுரையும் அங்குமிங்கும் நடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் தொல்லை கந்தோரில் வராது, கலியாண வீட்டில் வரும். சாப்பாட்டுப் பந்தியில் யாராவது ஒரு மாமா, "என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்பார். கைத்தொலைபேசிக்குள் ஒரு பொம்மை மனிதன் படியிலிருந்து விழுவான், பாரந்தூக்கியில் தொங்குவான், ஓட்டோவிலிருந்து எறியப்படுவான், அதைப் பார்த்துச் சனம் சிரிக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை என்று நான் ஒருமுறை விளக்கமாகச் சொன்னேன். அவர் வடையைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்றார். குடுக்கிறார்கள். குடுக்கத்தான் வேண்டும். எந்தச் சிரிப்பு நல்லது, எந்தச் சிரிப்பு ஆகாது என்று பிரித்து அறிவது லேசுப்பட்ட வேலை இல்லை.

எனக்கு அதைச் சொல்லித்தந்தவள் என் மகளின் வயதுக்காரி. என்னை வேலைக்கு எடுத்தவளே அவள்தான். நான் முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "டீச்சர், பொம்மையை நாங்கள் பாப்பம். நீங்கள் ஆளைப் பாருங்கோ" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "சிரிச்ச வாயால 'ஐயோ பாவம்' எண்டு சொல்லுறாங்களோ எண்டு கேளுங்கோ. சிரிப்பு மட்டும் வந்தா எனக்குப் பயம். பாவம் மட்டும் வந்தா விளையாட்டை மூடிப்போடுவாங்கள். ரெண்டும் ஒரே மூச்சில வரவேணும்." அதற்குப் பிறகு எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன், இதைவிட உருப்படியாக எவரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நம் பொம்மைக்கு நோஞ்சான் என்று பெயர் வந்தது உங்களுக்குத் தெரியும். அவன் உடம்பில் எலும்பு மாதிரித் துண்டுகள் உண்டு, பிடித்து நிறுத்தத் தசை இல்லை. தட்டினால் விழுவான். எப்படி விழுவான் என்று யாரும் முன்கூட்டி வரைந்து வைக்கவில்லை. அந்தந்த நேரத்துக் கணக்குத்தான் அவன் கையை எங்கே போடுவது, தலையை எதில் இடிப்பது என்று முடிவு செய்யும். சனத்தைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். துறைமுகக் கட்டத்தில் ஒரு மான் வருமே, நோஞ்சானின் சோற்றுப் பார்சலைக் கவ்வும். இவன் பார்சலை விடமாட்டான். மானோடு சேர்ந்து சந்தை முழுக்க இழுபடுவான். தெருவில் திரிந்து சாப்பாடு பறிக்கிற நம் ஊர் மான்களின் குணம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வங்கி எழுதுவினைஞர் வருவார், மகா சாது. அவர் நோஞ்சானைப் பாரந்தூக்கியின் உச்சியிலிருந்து தள்ளிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் தள்ளேல்லை டீச்சர், அவன் தானா விழுந்தவன்" என்பார். ஒவ்வொரு முறையும் அதே பொய். கை செய்யும், பழி கணக்கின் மேல் விழும். நாள் முழுக்க யாரையும் ஒரு சொல் எதிர்த்துப் பேச முடியாத மனிதருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. குளிரூட்டி திருத்த வந்த ஒருவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். நோஞ்சான் இறங்குதுறைப் படியில் குப்புறக் கிடந்தான். அந்த மனிதர் சிரிக்கவில்லை. "இவன் எழும்புவானோ?" என்று மட்டும் கேட்டார். அந்தக் காலத்தில் விளையாடுகிறவர் பொத்தானை அமத்தினால்தான் நோஞ்சான் எழும்புவான், இல்லாவிட்டால் கிடந்தபடி கிடப்பான். நான் அமத்திக் காட்டினேன். எழும்பி, கால்சட்டையைத் தட்டிவிட்டு நின்றான். அந்த மனிதரின் முகம் அப்போதுதான் இளகியது. யுத்தம் பார்த்த இந்த ஊரில் என் வயதுக்காரர் அந்தக் கேள்வியைச் சும்மா கேட்கமாட்டார்கள். அன்று பின்னேரமே, அவன் தானாக எழும்பும்படி மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தேன். மாற்றினார்கள்.

சரி, இப்போது ரிஸ்வானின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

ரிஸ்வான் மூதூர்ப் பொடியன். கட்டாரில் கட்டட வேலை செய்துகொண்டே கணினி படித்து, ஊருக்குத் திரும்பி நம்மிடம் சேர்ந்தவன். நோஞ்சானை விழுத்துகிற கணக்கெல்லாம் அவன் எழுதியது. மற்றக் கம்பனிகளின் பொம்மைகள் மாவுமூட்டை விழுகிற மாதிரி விழும். நம்முடையவன் கடைசி நொடியில் ஒரு கையை நீட்டி எதையாவது பிடிக்கப் பார்த்து, பிடிபடாமல் விழுவான். அந்தக் கைக்காகத்தான் சனம் 'ஐயோ பாவம்' என்றது. எங்கே படித்தாய் இதை என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

அந்த வருடம் கந்தோர் ஆட்டம் கண்டிருந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று நோஞ்சானை வாங்கினால் எல்லோருக்கும் வேலை, வாங்காவிட்டால் கதவைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுக்கவேண்டியதுதான். முதலாளி கூரையைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் நான் நடந்துகொண்டிருந்தேன். உங்கள் ஊர் மணம் கொஞ்சம் இருந்தால் நல்லது என்று அந்தக் கம்பனிக்காரர் சொன்னார்களாம். அதுவரைக்கும் நோஞ்சான் விழும்போது 'ஹுக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முதலாளி, "எங்கட ஆக்கள் விழேக்க எப்பிடிக் கத்துவினமோ அப்பிடிக் கத்தட்டும்" என்றார்.

யார் கத்துவது? ஒவ்வொருவராக ஒலிவாங்கியின் முன்னால் நின்று கத்தினார்கள். ஒன்றும் சரிவரவில்லை, எல்லாம் நாடகக் கத்தல். கடைசியில் ரிஸ்வான் போனான். கண்ணை மூடினான். அவர்கள் தாயைக் கூப்பிடுகிறபடி, "உம்மா!" என்று ஒரு கத்தல். எனக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. அடுத்த கணம் கந்தோர் முழுவதும் வெடித்துச் சிரித்தது, நானும்தான். நோஞ்சானின் வாயில் அதை வைத்துப் பார்த்தால் இன்னும் மோசம். மான் இழுக்க "உம்மா!", படியில் உருள "உம்மா!" மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்கள். முதலாளி ஒரு காட்சித் துண்டை அன்றைக்கே அந்தக் கம்பனிக்கு அனுப்பிவிட்டார்.

கந்தோருக்குள் சிரிக்கிற சிரிப்பை நம்பாதீர்கள் பிள்ளைகளே. அவர்கள் நோஞ்சானைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு சொல் கதைக்க ஏழுதரம் யோசிக்கிற ரிஸ்வான் வாய்விட்டுக் கத்தினான் என்று சிரித்தார்கள். வெளியே கொண்டுபோய்ச் சோதிக்காமல் நான் ஓம் சொல்லமாட்டேன் என்று முதலாளிக்குச் சொன்னேன். நான் ஓம் சொல்லாமல் எந்த விளையாட்டும் வெளியே போகாது என்பது நம் கந்தோர் வழக்கம், அதை உங்கள் காலத்தில் யாரும் கைவிட விடாதீர்கள். ரிஸ்வான், "எங்கட உம்மாட வீட்ட வாங்க டீச்சர், தங்கச்சிமார் இருக்காங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்றான். அவர்கள் வழக்கப்படி அவன் மனைவி வீட்டில் இருந்தான், உம்மாவின் வீடு அதே ஒழுங்கையில்.

நான் போனது வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள், ரிஸ்வானும். குசினியில் அவன் உம்மா கறி கிண்டிக்கொண்டிருந்தார். நான் மண்டபத்தில் பாயில் இருந்து, அவன் தங்கச்சிமார் கையில் போனைக் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தது என் கைதான். மூத்தவள் நோஞ்சானைப் படியில் தள்ளினாள்.

"உம்மா!"

குசினியில் சட்டி ஒன்று விழுந்தது. அகப்பையும் கையுமாக அந்த மனுசி ஓடிவந்தார், அகப்பையிலிருந்து கறி நிலமெல்லாம் சொட்டியது. "எங்க விழுந்தான்? எங்க? பள்ளிக்குத்தானே போன?" என்று வாசலுக்கும் யன்னலுக்கும் ஓடுகிறார். தங்கச்சிமாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உம்மா, இது போன், போனுக்குள்ள நானா கத்துறார்!" என்று அண்ணனின் குரலைப் போட்டுக் காட்டினார்கள். அவர் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் திட்டவில்லை. பாயில் இருந்துகொண்டு விளையாடத் தொடங்கினார். ஆனால் தள்ளவில்லை. நோஞ்சானின் கையைப் பிடித்து, மெல்ல மெல்ல இழுத்து, இறங்குதுறையில் குவித்துக் கிடக்கிற மீன்வலையின் மேல் கிடத்தப் பார்த்தார். நோஞ்சானுக்குத்தான் முதுகு நிற்காதே, வழுக்கி விழுவான். "உம்மா!" என்பான். இவர், "வாறன் மகன், வாறன்" என்பார். திரும்பவும் கிடத்துவார், திரும்பவும் விழுவான். "உம்மா!" "வாறன் மகன், இந்தா வந்திட்டன்." நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன். குசினியில் கறி அடிப்பிடித்த மணம் வந்தது.

திங்கட்கிழமை அந்தக் கம்பனியோடு கூட்டம். சனிக்கிழமை காலையிலேயே முதலாளியிடம் போய், அந்தக் கத்தலை எடுங்கோ என்றேன்.

"என்ன கதை கதைக்கிறீங்கள் டீச்சர்? அவங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கூட்டத்துக்கே ஓம் எண்டவங்கள்."

"அது ஒரு பிள்ளை தாயைக் கூப்பிடுற சத்தம்."

"அவங்களுக்கு அந்தச் சொல் விளங்காது."

"கத்தினவனுக்கு விளங்கும்தானே? பெத்தவளுக்கு விளங்கும்தானே?"

அவர் கோபத்தில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். நானும் விடவில்லை. வேறு சத்தம் பதிந்து தருகிறேன் என்று நானே ஒலிவாங்கியின் முன்னால் நின்று 'ஐயோ' என்று கத்தினேன். அதைக் கேட்ட சோதனைக்காரர் ஒருவர் சிரிப்பதற்குப் பதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலைப்பந்துத் திடலில் கத்திப் பழகிய குரல், வேறு என்ன வரும்? இன்னும் இரண்டு பேர் முயன்றார்கள். ஒன்றும் தேறவில்லை.

நான் படியிறங்கும்போது ரிஸ்வான் பின்னால் வந்தான். உள்துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது, அவன் சொன்னதைக் கேட்கக் கிட்டப் போகவேண்டியிருந்தது.

"டீச்சர், இது சரிவராட்டி நான் திரும்பக் கட்டாருக்குப் போகணும். விசா ரெடியா இருக்கு. பொஞ்சாதிக்கு மாசம் நெருங்குது. உம்மாக்கு இன்னும் சொல்லல்ல."

"அப்ப அந்தக் கத்தல் இருக்கட்டும் எண்டு சொல்லுறீரோ?"

"நான் என்ன சொல்லுற டீச்சர்?" என்றான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

எனக்கு அவன்மேலும் கோபம், முதலாளிமேலும் கோபம், அந்த முகம் தெரியாத கம்பனிமேலும் கோபம். என் ஒரு சொல்லில் இவன் பிள்ளை பிறக்கிற நேரம் இவன் எங்கே இருப்பான் என்பது தொங்குகிறது. ஓம் என்றால் ஒரு தாயைச் சந்தி சிரிக்க வைத்தவள் ஆவேன். இல்லை என்றால் மகனைக் கப்பலேற்றி விட்டவள் ஆவேன். அன்று வீட்டில் நடந்த நடையைக் கூட்டினால் மூதூருக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். கடைசியில் எனக்கே வெட்கமாகிவிட்டது. யாருக்காக இவ்வளவு யோசிக்கிறேனோ, அந்த மனுசியை ஒரு வார்த்தை கேட்டேனா? ரிஸ்வானுக்குப் போன் எடுத்து, "நாளைக்கு வாறன். கட்டார்க் கதையை நீர் சொல்லும், இல்லாட்டி நான் சொல்லுவன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான், தலையை நிமிர்த்தாமல். அவன் உம்மா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒண்டு கேக்கன். இது வித்துப்போனா இவன் போகத் தேவல்லையா?"

"தேவையில்லை ராத்தா."

"அப்ப ஏன் யோசிக்கிறீங்க?"

"அது உங்களைக் கூப்பிடுற குரல். ஊர் பேர் தெரியாத ஆக்களெல்லாம் கேட்டுச் சிரிக்கப்போறாங்கள். எனக்கு மனம் வரேல்லை."

அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "அங்க கட்டார்ல, கட்டடச் சாரத்தில இருந்து விழுந்தானே, உங்களுக்குச் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். கால் முறிஞ்சு கிடந்த, ஊருக்கு வந்தப் பொறகுதான் எனக்கே தெரியும். அப்பயும் உம்மா எண்டுதானே கத்தியிருப்பான், எனக்குக் கேட்டுதா? ஆசுபத்திரியில கிடந்துகொண்டு போன் எடுத்து, 'ஒண்டுமில்ல உம்மா, தடிமன், அதான் குரல் ஒருமாதிரி' எண்டான். நானும் நம்பி, கொத்தமல்லி அவிச்சுக் குடி மகன் எண்டன்."

நோஞ்சான் கடைசி நொடியில் ஏன் ஒரு கையை நீட்டுகிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு காலமும் அதை நான் நல்ல வேலை என்று பாராட்டிக்கொண்டிருந்தேன்.

"பொம்மை கத்தினாக் கத்தட்டும் டீச்சர். சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போகட்டும். என்ட மகன் என்ட கண்ணுக்கு முன்னால இருக்கட்டும். ஆனா ஒண்டு. விழுந்து எழும்பினப் பொறகு, இவன் எனக்குச் சொல்லுற அந்தப் பொய்யும் அதுக்குள்ள வரணும். அதையும் சேர்த்துப் போட ஏலுமா?"

ஏலும் என்றேன். வாசலில் நின்று முதலாளிக்குப் போன் எடுத்து ஓம் சொன்னேன், கூடவே ஒரு வசனம் சேரப்போகிறது என்றும் சொன்னேன். அவர் என்ன வசனம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

பதிவு அந்த வீட்டிலேயே நடந்தது. ரிஸ்வான் போனை முன்னால் வைத்துக்கொண்டு "ஒண்டுமில்ல உம்மா" என்றான், செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. திரும்பச் சொன்னான், சிரித்துவிட்டான். இன்னொருமுறை சொல்லப்போய்ப் பாதியில் தாயைத் திரும்பிப் பார்த்தான். தாய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்குப் பொய் வரும்? அந்த மனுசிக்கே அது விளங்கிவிட்டது. குசினிக்குள் போனார். அங்கே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற சத்தத்தோடு சத்தமாக, கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுவதுபோல, "மகன், எப்பிடி இருக்காய்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல உம்மா, நல்லா இருக்கன்" என்றான் ரிஸ்வான். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு பிசகு இல்லை, பழகின பொய்.

உள்ளேயிருந்து அவர், "பொய்க்காரன்" என்றார்.

விளையாட்டை வாங்கினார்கள். ரிஸ்வான் போகவில்லை, மகள் பிறந்தபோது ஊரில்தான் நின்றான். இன்றைக்கும் நோஞ்சான் எழும்பி அந்த வசனத்தைச் சொன்ன பிறகு, காதைக் கூர்மையாக்கிக் கேட்டால், தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெண் குரல் 'பொய்க்காரன்' என்று சொல்வது மெல்லக் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பதிவில் வந்த பிசகு என்று நினைத்து வெட்டப் பார்ப்பீர்கள். அதில் கைவைக்க வேண்டாம்.